ஒரே உடம்புதானே, கை நரம்பு வளர்ந்தது, தண்டுவடம் ஏன் வளரவில்லை?

வந்த கடிதத்தின் சுருக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுதியிருப்பவர் டெல்டா பக்கத்துச் சிறு நகரம் ஒன்றில் இருக்கும் ஓர் அக்கா. தம்பிக்கு வயது 28, எலக்ட்ரீஷியன், கல்யாணமாகி ஒன்றரை வருடம். எட்டு மாதத்துக்கு முன் ஒரு புது வீட்டு வயரிங் வேலையில் மாடி சன்ஷேடிலிருந்து விழுந்ததில், முதுகில் டி10 என்கிற எலும்பு நொறுங்கிவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாக ஆபரேஷன் செய்து ஸ்குரூவும் ராடும் வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது, சிறுநீருக்கு டியூப்.

அக்காவின் கேள்வி அவர் வார்த்தையிலேயே: "மூணு வருஷம் முன்னாடி கண்ணாடி குத்தி இவனுக்கு மணிக்கட்டுல நரம்பு அறுந்துபோச்சு. தையல் போட்டாங்க, ஒரு வருஷத்துல விரல் திரும்ப வேலை செஞ்சது. அதே உடம்பு, அதே ரத்தம். கையில வளர்ந்த நரம்பு முதுகுல ஏன் வளரல? ஒயர் அறுந்தா ஜாயின்ட் போடுற மாதிரி டாக்டர் அன்னைக்கே ஜாயின்ட் போட்டிருக்கலாம்ல? எங்கப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூளையே அடிபட்டுச்சு, அவரே ஆறு மாசத்துல எழுந்து நடந்தாரு."

அப்புறம் மூன்று விஷயம். எம்ஆர்ஐயில் தண்டுவடம் அறுபடவில்லை என்று சொன்னார்களாம். ரெண்டு மாதமாகக் கால்கள் தானாகத் துள்ளுகின்றன, அது நரம்பு வளர்வதன் அறிகுறி என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன இடத்தில் ஸ்டெம் செல் ஊசி மூன்று தவணை, எட்டு லட்சம் ரூபாய். வீட்டை அடகு வைக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அந்தக் காசைச் சேர்ப்பதற்காக பிசியோதெரபியை நிறுத்தியும் விட்டார்கள்.

சகோதரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். வீட்டை அடகு வைக்காதீர்கள். நிறுத்திய பிசியோதெரபியை நாளைக்கே தொடங்குங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் கேள்வி லேசுப்பட்ட கேள்வி இல்லை. நூறு வருடமாக நரம்பியல் ஆராய்ச்சியாளர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கும் கேள்வியை நீங்கள் உங்கள் தம்பியின் கையையும் முதுகையும் பார்த்தே கேட்டுவிட்டீர்கள்.

கையில் நடந்தது என்ன

மணிக்கட்டில் அறுந்தது நரம்பு செல் அல்ல, அந்தச் செல்லின் நீண்ட இழை. கையை அசைக்கும் செல்கள் கழுத்துத் தண்டுவடத்துக்குள் பத்திரமாக இருந்தன, உணர்ச்சிக்கான செல்கள் அதன் ஓரத்தில் இருந்தன. இழை அறுந்ததும் விரல் பக்கம் போன மிச்சத் துண்டு செத்துப்போகும். ஆனால் அந்த இழையைச் சுற்றி உறையாக இருந்த ஷ்வான் செல்கள் சாகவில்லை. அவை பழைய உறையின் குப்பையைத் தின்று தீர்த்தன, ரத்தத்திலிருந்து வந்த துப்புரவு செல்களும் சேர்ந்துகொண்டன, ஓரிரு வாரத்தில் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். பிறகு வரிசையாக நின்று, வளர்ச்சிக்கான புரதங்களைச் சுரந்து, புது இழை வருவதற்குப் பாதை போட்டுக் கொடுத்தன. அந்தப் பாதையில் இழை நாளைக்குச் சுமார் 1 மி.மீ. வேகத்தில் நகர்ந்து போனது. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை கணக்குப் போட்டால் ஐந்தாறு மாதம், அப்புறம் தசையும் மூளையும் பழக இன்னும் கொஞ்ச மாதம். நீங்கள் பார்த்த ஒரு வருடக் கணக்கு சரியாக வருகிறது பாருங்கள். டாக்டர் போட்ட தையல் இழைகளை ஒவ்வொன்றாக ஒட்டவில்லை, மேலுறையை நேருக்கு நேர் பிடித்து வைத்தது அவ்வளவுதான். வளர்ந்தது தானாக.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். டி10 எலும்பிலிருந்து, கால்களை அசைக்கும் செல்கள் இருக்கும் இடம் தண்டுவடத்துக்குள்ளேயே சில சென்டிமீட்டர் கீழேதான். மூளையிலிருந்து வரும் இழை அறுந்த இடத்திலிருந்து அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தால் போதும். கையில் போன வேகத்தில் போனால் இரண்டு மூன்று மாத வேலை. ஆகவே தூரம் இங்கே தடையே இல்லை, வேறு ஏதோதான் தடுக்கிறது.

தண்டுவடத்தில் நடப்பது என்ன

ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி சாந்தியாகோ ரமோன் இ காஹால் நூறு வருடத்துக்கு முன்பே இதை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டார். தண்டுவடத்தில் அறுந்த இழைகளும் முதலில் துளிர்க்கத்தான் பார்க்கின்றன, கொஞ்ச நாளில் கைவிட்டுவிடுகின்றன. ஏன் கைவிடுகின்றன என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. ஒன்றை எடுத்தால் இன்னொன்று நிற்கிறது, அதனால்தான் ஒரே மருந்தில் தீரவில்லை.

முதலாவது, உறை. மூளையிலும் தண்டுவடத்திலும் இழைகளுக்கு உறை போடுவது ஷ்வான் செல் கிடையாது, ஒலிகோடெண்ட்ரோசைட் என்கிற வேறு வகை செல். அடிபட்டால் இவை பாதை போட்டுத் தருவதில்லை, நிறைய செத்தும் போகின்றன. உடைந்த உறையின் குப்பை மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. அந்தக் குப்பை சும்மாவும் கிடக்கவில்லை. அதில் இருக்கும் சில புரதங்கள் வளர வரும் இழையின் முனையைத் தொட்டாலே முனை சுருங்கிவிடுகிறது. நோகோ-ஏ என்று ஒன்று பிரபலம், சூரிச்சில் மார்ட்டின் ஷ்வாப் என்பவரின் ஆய்வுக்குழு அதைத் துரத்தித் துரத்திக் கண்டுபிடித்தது. நோகோவை அடக்கும் ஊசி மருந்தை ஐரோப்பாவில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்ட 120-க்கும் மேற்பட்டவர்களிடம், அடிபட்ட ஒரு மாதத்துக்குள் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் பலன் நிரூபணமாகவில்லை, தண்டுவடம் முழுக்கப் பாதிக்கப்படாதவர்களிடம் மட்டும் நம்பிக்கை தரும்படி ஏதோ தெரிந்தது.

இரண்டாவது, தழும்பு. நசுங்கிய இடத்தைச் சுற்றி ஆஸ்ட்ரோசைட் என்கிற செல்கள் கூடி அடர்ந்த தழும்பு போடுகின்றன, நடுவில் பல பேருக்கு நீர் கோத்த குழி ஒன்று மிஞ்சுகிறது. தழும்பில் உள்ள சில சர்க்கரைப் புரதங்கள் இழையை உள்ளே விடுவதில்லை. 2002-இல் லண்டன் ஆய்வாளர்கள் அவற்றைக் கரைக்கும் என்சைம் ஒன்றை எலியின் தண்டுவடத்தில் விட்டபோது கொஞ்சம் இழைகள் வளர்ந்தன, எலியின் நடையும் தேறியது. அப்படியானால் தழும்பையே எடுத்துவிடலாமே என்றால், அது இல்லாவிட்டால் வீக்கம் நல்ல பகுதிக்கும் பரவுகிறது. 2016-இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போய், தழும்பு வராமல் தடுத்தால் இழைகள் வளர்வது கூடவில்லை, அந்தச் செல்கள் வளர்ச்சிக்கு உதவவும் செய்கின்றன என்றது. இந்தத் துறை இப்படித்தான், வில்லன் என்று நினைத்தவர் பாதி நல்லவராக இருப்பார்.

மூன்றாவதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுவது: செல்லே வளரும் பழக்கத்தை விட்டுவிடுகிறது. கருவில் இருக்கும்போது மூளையின் இழைகள் தண்டுவடத்துக்குள் சரசரவென்று வளர்ந்து வந்தவைதான். பிறந்து இணைப்புகள் எல்லாம் அமைந்த பிறகு வளர்ச்சிக்கான மரபணுக்கள் அடங்கிவிடுகின்றன. 2008-இல் அமெரிக்காவில் எலியின் கண் நரம்பில் பிடென் என்ற ஒரே ஒரு மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். சாதாரணமாக வளரவே வளராத அந்த இழைகள் வளர ஆரம்பித்தன. ஆனால் பிடென் என்பது உடம்பில் புற்றுநோயைக் கட்டுப்படுத்தி வைக்கும் மரபணு. மனுஷனுக்கு அதை நிறுத்திப் பார்க்க யாருக்குத் துணிச்சல் வரும்?

"ஒரே உடம்பு" என்று கேட்டீர்களே, ஒரே செல்லில்கூட இந்த வித்தியாசம் உண்டு. தண்டுவடத்தின் ஓரத்தில் கொத்தாக இருக்கும் உணர்வு செல்கள் ஒவ்வொன்றுக்கும் ரெண்டு கிளை. ஒன்று வெளியே கைகால் தோலுக்கு, இன்னொன்று தண்டுவடத்துக்குள். வெளிக்கிளையை வெட்டினால் வளரும், உள்கிளையை வெட்டினால் வளராது. ஆனால் வெளிக்கிளையை முதலில் வெட்டி செல்லை உசுப்பிவிட்டுப் பிறகு உள்கிளையை வெட்டினால், அதுவும் ஓரளவு வளர்கிறது. எலியில் இதைப் பல தடவை காட்டியிருக்கிறார்கள். இதற்கு மறுபக்கம் 1981-இல் மாண்ட்ரியாலில் சாமுவேல் டேவிடும் ஆல்பர்ட் அகுவாயோவும் செய்த சோதனை. எலியின் கால் நரம்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து மூளைத்தண்டுக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே பாலமாகத் தைத்தார்கள். வளராது என்று எல்லோரும் நினைத்த இழைகள் அந்தப் பாலத்துக்குள் சுமார் 3 சென்டிமீட்டர் வளர்ந்தன. பாலம் முடிந்து திரும்பத் தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் நின்றுவிட்டன. செல்லும் காரணம், அது இருக்கும் இடமும் காரணம் என்பது அப்போதுதான் தெளிவானது.

டாக்டர் ஏன் ஜாயின்ட் போடவில்லை என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. சுண்டுவிரல் பருமன்தான் தண்டுவடம், அதற்குள் லட்சக்கணக்கான இழைகள். எந்த இழை எதோடு என்று கண்டுபிடித்து ஒட்ட உலகத்தில் எந்த ஆபரேஷன் தியேட்டராலும் முடியாது. உங்கள் தம்பி ஒயரை இணைக்கும்போது செப்புக் கம்பி உயிரில்லாத பொருள், முறுக்கிவிட்டால் மின்சாரம் போகும். இழை ஒரு செல்லின் உயிருள்ள பகுதி, அறுந்தால் அந்தப் பக்கத் துண்டு சில நாளிலேயே செத்துவிடும், அதை எதோடு முறுக்குவது? அன்றைக்கு டாக்டர் செய்தது உடைந்த எலும்பு தண்டுவடத்தை அழுத்தாமல் இடம் விட்டு, எலும்பை ஆடாமல் நிறுத்தியது. அதை அன்றிரவே செய்தது நல்லது, சீக்கிரம் அழுத்தம் நீங்கினால்தான் மிச்சம் இருப்பதாவது பிழைக்கும். அவர் மேல் கோபப்பட இதில் எதுவும் இல்லை.

எம்ஆர்ஐயில் அறுபடவில்லை என்பதும் உண்மைதான். பெரும்பாலான விபத்துகளில் தண்டுவடம் துண்டாக அறுவதே இல்லை, நசுங்குகிறது. மேலே உறை முழுசாக இருக்கும், உள்ளே இழைகள் கிழிந்திருக்கும். அதோடு முடிவதில்லை. அடுத்த சில மணி நேரத்திலும் நாட்களிலும் ரத்தக் கசிவு, வீக்கம், ஆக்ஸிஜன் குறைவு, செத்த செல்களிலிருந்து கொட்டும் ரசாயனங்கள் எல்லாம் சேர்ந்து பக்கத்தில் நன்றாக இருந்ததையும் கொன்றுவிடுகின்றன.

கால் துள்ளுவது, அப்பா நடந்தது

கால் தானாகத் துள்ளுவது நரம்பு வளர்வதால் இல்லை. அடிபட்ட புதிதில் காயத்துக்குக் கீழே உள்ள தண்டுவடம் அதிர்ச்சியில் அடங்கிக் கிடக்கும், கால் துணி மாதிரி தொய்ந்திருக்கும். சில வாரங்களில் அந்தக் கீழ்ப்பகுதி விழித்துக்கொள்கிறது, ஆனால் மூளையிலிருந்து வரும் கட்டுப்பாடு இல்லை. போர்வை பட்டாலும் கால் வெட்டும். இதற்கு ஸ்பாஸ்டிசிட்டி என்று பெயர், நீட்டிப் பிடிக்கும் பயிற்சியும் மாத்திரையும் உண்டு. இரண்டு மாதமாகத்தான் துள்ளுகிறது என்கிறீர்கள், பிசியோதெரபி நின்றதும் அதே இரண்டு மாதம்தானே? இன்னொன்று, துள்ளல் திடீரென்று கூடினால் சிறுநீரில் கிருமித் தொற்றோ எங்காவது படுக்கைப் புண்ணோ இருக்கலாம். அவருக்கு வலி தெரியாது, உடம்பு அதைத் துள்ளலாகத்தான் சொல்லும். முதலில் அதைப் பாருங்கள்.

அப்பா விஷயத்தில் நீங்கள் நினைப்பது பாதி சரி. அவர் மூளையில் செத்த செல்கள் செத்ததுதான், அவை திரும்பி வரவில்லை, அறுந்த இழைகளும் வளர்ந்து சேரவில்லை. அடைப்பைச் சுற்றி மயங்கிக் கிடந்த பகுதி தெளிந்தது, வீக்கம் வடிந்தது, தப்பித்த பகுதிகள் அந்த வேலையை எடுத்துக்கொண்டன, பக்கத்து இழைகள் சின்னச் சின்னக் கிளை விட்டன. மூளை பெரியது, ஒரு வழி போனால் சுற்றிப் போக வேறு வழி பெரும்பாலும் இருக்கும். தண்டுவடம் குறுகலான இடம், குறுக்கே முழுக்க நசுங்கினால் சுற்றிப் போக வழியே இல்லை. ஆனால் ஓரமாகக் கொஞ்சம் இழைகள் தப்பித்திருந்தால், உங்கள் அப்பாவின் மூளை செய்ததைத் தண்டுவடமும் ஓரளவு செய்யும். அறுந்தது வளர்வதில்லை, மிஞ்சியதுதான் வேலை செய்யப் பழகுகிறது. தம்பியின் விஷயத்தில் மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்பதுதான் இப்போது கேட்க வேண்டிய கேள்வி.

அதனால்தான் உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் நான் நின்றுவிட்டேன். எனிமா கொடுக்கும்போது "ஏதோ தெரியுதுக்கா" என்று தம்பி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் "ஏஐஎஸ் ஏ" என்று இருப்பதாகவும் சொல்கிறீர்கள். ஏஐஎஸ் என்பது தண்டுவடப் பாதிப்பு எவ்வளவு என்று எழுத்தால் குறிக்கும் அளவுகோல். ஏ என்றால் ஆசனவாயில்கூட உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை என்று அர்த்தம், முழுமையான பாதிப்பு. அங்கே உணர்ச்சி மட்டும் இருந்தால் அது பி. தண்டுவடத்தின் கடைசி நுனியிலிருந்து வரும் இழைகள் காயத்தைத் தாண்டி மேலே போகின்றன என்பதற்கு அதுதான் சாட்சி. முதல் சில நாட்களில் ஏ என்று எழுதப்பட்டவர்களில் சிலர் பிறகு பி, சி என்று மாறுவது உண்டு. இதைத் திரும்பப் பார்க்க குண்டூசி, பஞ்சு, ஆசனவாயில் விரல் விட்டுப் பரிசோதனை, இவ்வளவுதான் தேவை, ஸ்கேன்கூட வேண்டாம். எட்டு மாதத்தில் யாரும் திரும்பச் செய்யவில்லை என்று தெரிகிறது. இதை இந்த வாரமே செய்யச் சொல்லுங்கள்.

இதில் பெரிய நம்பிக்கையை வளர்த்துக்கொள்ளவும் வேண்டாம். வருகிற முன்னேற்றத்தில் பெரும்பகுதி முதல் ஆறு மாதத்தில் வந்துவிடும், அதற்குப் பிறகு மெதுவாக ஒன்றரை இரண்டு வருடம் வரை கொஞ்சம் கொஞ்சம். எட்டு மாதத்தில் இன்னும் ஏ என்றால், பழையபடி நடப்பார் என்று என்னால் சொல்ல முடியாது, சொல்கிறவரை நம்பவும் வேண்டாம்.

அந்த எட்டு லட்ச ரூபாய் ஊசி

அவர்கள் செய்யப்போவது இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து, அதில் செல்களைப் பிரித்து, முதுகுத் தண்டு நீரில் ஊசியாகப் போடுவது. "உங்க சொந்த செல்தான், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியிருப்பார்கள். மஜ்ஜை செல் தண்டுவடத்தில் போய் நரம்பு செல்லாக மாறி, மேலே சொன்ன தடைகளையெல்லாம் தாண்டிக் காலுக்கு இணைப்பு கொடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

இந்தியாவில் ஐசிஎம்ஆர் என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதல்படி, ஸ்டெம் செல்லை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்கலாம் என்று ஏற்கப்பட்டிருப்பது ரத்தப் புற்றுநோய் போன்ற நோய்களுக்கான மஜ்ஜை மாற்றுக்குத்தான். தண்டுவடக் காயம் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்குக் கொடுப்பதென்றால் அனுமதி பெற்ற ஆராய்ச்சியாக மட்டும் கொடுக்கலாம், அப்படிக் கொடுக்கும்போது நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. ஆகவே அங்கே மூன்றே கேள்வி கேளுங்கள்: இது ஆராய்ச்சியா, அப்படியென்றால் சிடிஆர்ஐ, அதாவது மருத்துவ ஆராய்ச்சிகளைப் பதிவு செய்யும் இந்தியப் பதிவேட்டின் எண் என்ன? எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது? ஆராய்ச்சி என்றால் என்னிடம் ஏன் எட்டு லட்சம்? பதிவு எண் தந்தால் சிடிஆர்ஐ இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எண்ணும் தந்து காசும் கேட்டால் அதுவே பதில்.

காசு போனால் போகட்டும் என்று நினைத்தாலும் ஆபத்து சும்மா விடாது. மூளையுறைக் காய்ச்சல் வரலாம், ஏற்கெனவே இல்லாத எரிச்சல் வலி வந்து ஒட்டிக்கொள்ளலாம். போர்ச்சுகலில் மூக்குத் திசுவிலிருந்து செல் எடுத்துத் தண்டுவடத்தில் வைத்துக்கொண்ட ஒரு அமெரிக்கப் பெண்ணுக்கு, எட்டு வருடம் கழித்து முதுகுவலி வந்து திறந்து பார்த்தால் அங்கே சளி சுரக்கும் கட்டி ஒன்று வளர்ந்திருந்தது. 2014-இல் மருத்துவ இதழில் பதிவான சம்பவம். செல்லுக்குத் தான் இருக்கும் இடம் தெரியாது, அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். இதுபோன்ற ஊசி போட்டுக்கொண்டவர்களை நாளைக்கு வரக்கூடிய உண்மையான ஆராய்ச்சிகளிலும் பெரும்பாலும் சேர்ப்பதில்லை.

"ஜப்பான்ல வந்துடுச்சு" என்று உங்களிடம் காட்டிய வீடியோ பற்றியும் சொல்ல வேண்டும். 2018-இல் ஜப்பான் ஒரு மஜ்ஜை செல் சிகிச்சைக்கு நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது நிஜம், அதற்கான ஆதாரம் போதாது என்று உலகம் முழுக்க விமர்சனமும் வந்தது. அது அடிபட்ட ஒரு மாதத்துக்குள் இருப்பவர்களுக்கானது. டோக்கியோவின் கெய்யோ பல்கலைக்கழகம் ஐபிஎஸ் செல்களை (சாதாரண செல்லை ஆதி நிலைக்குத் திருப்பி உருவாக்கும் ஸ்டெம் செல்) நான்கு பேருக்கு வைத்து 2025 மார்ச்சில் முடிவைச் சொன்னது, அவர்களும் அடிபட்டுச் சில வாரங்களே ஆனவர்கள். நான்கில் இரண்டு பேருக்கு முன்னேற்றம், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஊசி போடாத குழு கிடையாது, தானாகவே தேறியிருக்கவும் வாய்ப்புண்டு. எட்டு மாதம் ஆன தம்பிக்கு இதில் எதுவும் பொருந்தாது. சுவிட்சர்லாந்தில் தண்டுவடத்தின் மேல் மின்முனை வைத்துச் சிலரை நடக்கவைத்திருக்கிறார்கள், 2018-இலும் 2023-இலும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதிலும் நரம்பு வளரவில்லை, காயத்துக்குக் கீழே உயிரோடு இருக்கும் சுற்றுகளை மின்சாரத்தால் தட்டி எழுப்புகிறார்கள். எனக்கு இந்தத் துறையில் உண்மையான எதிர்பார்ப்பு இருப்பது இந்தப் பக்கம்தான். அது நம் ஊருக்கு வரும் நாளில் தம்பியின் கால் மூட்டு மடங்காமல் இறுகிப்போயிருந்தாலோ, புட்டத்தில் புண் இருந்தாலோ, சிறுநீரகம் கெட்டிருந்தாலோ அவருக்கு அது பயன்படாது.

காசையும் நேரத்தையும் எங்கே போடுவது

முதலில் சிறுநீர். எட்டு மாதமாக நிரந்தர டியூப் இருக்கிறது. கை நன்றாக இருக்கும் இளைஞருக்கு அது தேவையே இல்லை. நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரே சுத்தமாகச் சின்ன டியூப் விட்டுச் சிறுநீரை எடுத்துவிட்டு உடனே வெளியே எடுத்துவிடும் முறை இருக்கிறது, கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். பையைத் தொங்கவிட்டுக்கொண்டு வெளியே போக வெட்கப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்களே, அது இதிலேயே தீரும். ஒருகாலத்தில் தண்டுவடம் அடிபட்டவர்கள் செத்தது காலால் இல்லை, சிறுநீரகத்தால். வருடத்துக்கு ஒரு முறையாவது சிறுநீரக ஸ்கேன் எடுங்கள்.

அடுத்தது தோல். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், வீல்சேரில் உட்காரும்போது கால் மணிக்கும் அரை மணிக்கும் நடுவில் ஒருமுறை கையை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். தினம் கைக்கண்ணாடி வைத்துப் புட்டம், குதிகால் பாருங்கள். ஒரு முக்கியமான விஷயம்: மூலிகை எண்ணெய் தடவி ஒத்தடம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். எண்ணெய் தடவுங்கள், பரவாயில்லை. ஒத்தடம் வேண்டவே வேண்டாம். உணர்ச்சி இல்லாத காலில் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் உங்களுக்கே தெரியும், அந்தப் புண் ஆற மாதக்கணக்கு ஆகும்.

பிசியோதெரபி என்றால் காலை மடக்கி நீட்டுவது மட்டும் கிடையாது. கையையும் தோளையும் பலப்படுத்தி, படுக்கையிலிருந்து வீல்சேருக்கு, வீல்சேரிலிருந்து டாய்லெட்டுக்கு யாரும் தூக்காமல் மாறக் கற்றுக்கொடுப்பது. டி10 அளவில் அடிபட்டவருக்குக் கை முழு பலத்தோடு இருக்கும், தானே குளித்து, உடை மாற்றி, கையால் ஓட்டும்படி மாற்றிய வண்டியும் ஓட்ட முடியும். வீட்டில் வைத்துத் தினம் அரை மணி நேரம் செய்வதைவிட, மறுவாழ்வு மையத்தில் சில வாரம் தங்கிப் படிப்பது நல்லது. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. வேலூர் பாகாயத்தில் சிஎம்சியின் மையம் இருக்கிறது, மேரி வர்கீஸ் பெயரில். அவர் 1954-இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, வீல்சேரில் உட்கார்ந்துகொண்டே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்த டாக்டர். தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம், 1975-இல் கழுத்தில் அடிபட்டுக் கைகால் செயலிழந்த ராமகிருஷ்ணன் 1981-இல் ஆரம்பித்தது. தம்பியை அங்கே கூட்டிப் போனால் நான் எழுதுவதைவிட அங்கே வீல்சேரில் வருகிறவர்கள் சொல்வது அதிகம் ஏறும். மோட்டார் காயில் கட்டுவது, மிக்ஸி, இன்வெர்ட்டர் பழுது பார்ப்பது எல்லாம் மேஜை முன்னால் உட்கார்ந்து செய்கிற வேலைதான், அவர் கையில் தொழில் இன்னும் இருக்கிறது.

காகித வேலையும் விடாதீர்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ் சான்றிதழும் யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வாங்குங்கள், மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்கும் வீல்சேருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுங்கள். வேலை செய்யும் இடத்தில் விழுந்ததால் நஷ்டஈடு கேட்க உரிமை உண்டு, அதற்குக் கால வரம்பும் உண்டு. காண்டிராக்டர் "பார்த்துக்கறேன்" என்று சொல்வதை நம்பிக் காத்திருக்காமல் தொழிலாளர் துறையிலோ வக்கீலிடமோ இந்த மாதமே கேளுங்கள், நான் டாக்டர், இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

நீங்கள் கேட்காத ஒன்று. தம்பி அக்காவிடம் கேட்க மாட்டார், மனைவியும் வாய் திறக்க மாட்டார். தாம்பத்தியத்துக்கும் குழந்தை பெறுவதற்கும் தண்டுவடக் காயத்துக்குப் பிறகும் வழிகள் உண்டு, மருந்தும் உண்டு. மறுவாழ்வு மருத்துவரிடம் அவர்கள் இருவர் மட்டும் தனியாகப் பேச நேரம் வாங்கிக் கொடுங்கள், நீங்கள் வெளியே இருங்கள்.

கடைசியாக, வீட்டில் எல்லோரும் அவரிடம் "ஆறு மாசத்துல எழுந்துடுவே" என்று சொல்லிவருவதாக எழுதியிருக்கிறீர்கள். ஆறு மாதம் தாண்டி எட்டு ஆகிவிட்டது, அவருக்குக் கணக்குத் தெரியாதா? பரிசோதனை முடிந்ததும் ஏயா பியா என்பதை டாக்டரே அவரிடம் நேரில் சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அன்றைக்குச் சிறுநீர் கல்ச்சர், யூரியா, கிரியேட்டினின், வயிற்று ஸ்கேன் இவற்றையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். முடிவுகளையும், அந்த எனிமா நேரத்து உணர்ச்சி எந்த மாதத்திலிருந்து தெரிகிறது என்பதையும் எழுதி அனுப்பினால் அடுத்து என்ன என்று பார்க்கலாம்.